சாவா மூவா முதல்: கொச்சி மிளகும் முதியோர் குடியிருப்பும்

நம் தமிழ் மக்களில் வயதானவர்களுக்குக் குறைந்த செலவில் ஒரு குடியிருப்பு வேண்டும் என்ற பேச்சு சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. எழும்போதெல்லாம் அது இடம், கட்டிடம் என்ற இரண்டில் போய் நின்றுவிடும். “நயினாரே, இடம் மட்டும் கிடைக்கட்டும், ஆறு மாசத்துல கட்டிடத்தை எழுப்பிப்புடலாம்” என்பார்கள் நண்பர்கள். எழுப்பலாம்தான். எழுப்பியதை அறுபது வருஷம் எப்படி நடத்துவது? வியாபாரிக்கு இந்தக் கேள்விதான் முதலில் தோன்றும். இதற்கு விடை தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டப் போய், கொச்சி மிளகில் பணம் போட்ட ஒரு ஜெர்மானிய வியாபாரியிடம் வந்து நின்றேன். அவர் கட்டிய குடியிருப்பு 500 ஆண்டு கடந்து இன்றும் நடக்கிறது. வாடகையும் ஏறவில்லை!

அவர் கதைக்கு முன் நம் தேவையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 60 வயது கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. ஆகப் பிழைக்க வந்த மாநிலம் நாம் புறப்பட்ட மாநிலத்தைவிட மூப்படைந்தது. நம்மவர்களில் ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் தோபி கானாவில் உழைக்கும் வண்ணார் குடும்பங்களை எல்லோரும் அறிவர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடுப்பு வெளுக்க அழைத்து வரப்பட்டவர் தம் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. இப்போதுள்ள துவைதுறையை 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. அங்கே எழுபது தாண்டியும் கல்லில் துணி அடிப்பவரைப் பார்க்கலாம். பஜார் ரோட்டில் மூட்டை சுமந்தவர், மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர், நகைப்பட்டறையில் கண்ணைத் தேய்த்தவர் என்று இன்னும் பலர். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். இவர்கள் வாடகை அறையில் இருப்பார்கள். சொந்த ஊருக்குத் திரும்பிப் போனால் அங்கே இவர்களை அறிந்தவர் எவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

ஆக்ஸ்பர்க்கும் கொச்சியும்

1505 மார்ச்சில் பிரான்சிஸ்கோ தெ அல்மெய்டாவின் தலைமையில் லிஸ்பனிலிருந்து ஒரு பெருங் கப்பற்படை இந்தியாவுக்குப் புறப்பட்டது. அதில் மூன்று கப்பல்களுக்கு ஜெர்மானிய, இத்தாலிய வியாபாரிகள் முதல் போட்டிருந்தார்கள். ஜெர்மானியர் பங்கு 36,000 குருசாதோ. அதில் வெல்சர் குடும்பம் 20,000, ஃபுக்கர் குடும்பம் 4,000 எனப் போட்டதாகக் கணக்கு உள்ளது. வெல்சர்களின் ஆளாகக் கூடவே வந்த பல்தசார் ஸ்ப்ரிங்கர் என்பவர் கண்ணூரும் கொச்சியும் கண்டு, 1506-இல் ஊர் திரும்பி, 1509-இல் தம் பயணத்தை நூலாக அச்சிட்டார். ஆக்ஸ்பர்க் ஓவியர் ஹான்ஸ் புர்க்மாயர் இந்தப் பக்கமே வந்ததில்லை. ஆனாலும் இப்பயணச் செய்திகளைக் கொண்டு 1508-இல் கொச்சி ராஜாவின் ஊர்வலத்தை மரச்செதுக்குப் படமாக்கினார். குடை, ஈட்டி, தோளில் சுமக்கப்படும் அரசன் எல்லாம் அதில் உண்டு. லிஸ்பனில் போர்த்துகல் அரசன் மிளகை உடனே விற்கவிடாமல் இழுத்தடித்தும், போட்ட முதலுக்கு ஒன்றரை மடங்கு லாபம் கிடைத்தது என்று கணக்கிடுகிறார்கள். பின்னரும் தொடர்பு அறவில்லை. 1587-இல் ஃபுக்கர், வெல்சர் இரு வீட்டாருக்கும் மிளகுப் பிரதிநிதியாக பெர்டினாண்ட் குரோன் என்பவர் இந்தக் கரைக்கு வந்திருக்கிறார்.

இதை வைத்து “நம் மிளகில் கட்டிய வீடு” என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். யாக்கோப் ஃபுக்கரின் செல்வத்தில் பெரும்பகுதி தீரோல் வெள்ளியிலும் ஹங்கேரிச் செம்பிலும் அரசர்களுக்குக் கொடுத்த கடனிலும் வந்தது. 1519-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது செலவான எட்டரை லட்சம் கில்டரில் பாதிக்கு மேல் இவர் கடனாகக் கொடுத்ததுதான். கொடுவட்டிக்காரர் என்ற பேரும் கூடவே வந்தது. மார்ட்டின் லூதரே பேர் சொல்லித் திட்டினார். அந்தப் பேர் நீங்கவும், மறுமைக்காகவும், செத்துப்போன தம் அண்ணன்மார் இருவர் நினைவாகவும் அவர் செய்த அறங்களில் ஒன்றுதான் ஃபுக்கராய் என்னும் குடியிருப்பு. நோக்கம் கலப்படமாக இருந்தாலும் கணக்கு சுத்தமாக இருந்தது. எனக்கு அதுவே போதும்.

குடியிருப்பின் நடைமுறை

1516-இல் ஆக்ஸ்பர்க் நகரத்துப் புறச்சேரி ஒன்றில் நிலம் வாங்கினார். நகரத்துக்கு வெளியே வயற்காட்டில் வாங்கவில்லை. கடைக்கும் வேலைக்கும் நடந்து போகும் தூரம். 1523-க்குள் 52 வீடுகள் எழுந்தன. வீடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே அச்சு. தச்சருக்கும் கொத்தருக்கும் அளவு மாறாததால் செலவு கட்டுக்குள் நின்றது. ஒவ்வொரு வீடும் கீழும் மேலுமாக இரு குடிகளுக்கு. சமையலறை, கூடம், படுக்கையறை உண்டு. தரைக்குடிக்குச் சிறு தோட்டம், மாடிக்குடிக்குப் பரண். மாடிக்காரருக்கும் தெருவில் தனி வாசல் வைத்தார்கள். கதவுமணியின் இழுகம்பியோ வீட்டுக்கு வீடு வேறு வடிவம். ஒன்றில் இலை, ஒன்றில் பைன்காய் என்று இருக்கும். இருட்டில் கை தடவியே தன் வாசலை அறிந்துகொள்ளலாம். முதியவருக்கு வீடு கட்டுகிறவர்கள் இந்த மணிக்கம்பியை மனதில் வைக்க வேண்டும். வரிசையாக ஒரே மாதிரி இருபது கதவு வைத்து எண் ஒட்டிவிட்டால், எண்பது வயதுக்காரர் ராத்திரியில் தன் கதவைத் தேடித் தடுமாறுவார்.

1521 ஆகஸ்டு 23-இல் அறக்கட்டளைப் பத்திரம் எழுதப்பட்டது. ஆண்டு வாடகை ஒரு ரைன் கில்டர். அது அன்றைய கைவினைஞர் ஒருவரின் ஒரு வாரக் கூலி அளவு என்பார்கள். அந்தத் தொகை இன்றும் அதேதான். யூரோவில் 0.88, நம் பணத்தில் நூறு ரூபாய்க்குள் அடங்கும், அதுவும் வருஷத்துக்கு! மின்சாரம், கணப்பு முதலியவற்றுக்கு மட்டும் தனியாகக் கட்ட வேண்டும். குடியேற விதி மூன்று. ஆக்ஸ்பர்க்காரராக, கத்தோலிக்கராக, முறையான வறுமையில் இருப்பவராக இருக்க வேண்டும். நாளுக்கு மூன்று செபம், கொடுத்தவர் குடும்பத்துக்காக. இரவு பத்து மணிக்கு வாசல் அடைப்பு. பிந்தி வந்தால் சில்லறை அபராதம். தொடக்கத்தில் உழைத்தும் வறுமை தீராத கைவினைஞர் குடும்பங்களே குடியிருந்தனர். இசைமேதை மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தர் பிரான்ஸ் மோட்சார்ட், 1681 முதல் 1694 வரை இங்கேதான் இருந்தார். இன்று ஏறத்தாழ 140 குடியிருப்பு, 150 பேர். அவர்களில் பலர் முதியவர்.

ஒரு கில்டரில் ஒரு ஓடுகூட மாற்ற முடியாது. பின் எப்படி 500 வருஷம்? வாடகை வருமானமே அல்ல என்பது ஃபுக்கருக்கு முதலிலேயே தெரியும். தம் நிறுவனத்தில் அறத்தின் பேரில் 10,000 கில்டர் தனிக் கணக்காக வைத்து, அதன் வட்டியில் பராமரிக்கச் சொன்னார். கணக்கில் அதற்கு ஒரு புனிதரின் பேர் வைத்து அவரைப் பங்காளிபோல எழுதிவிட்டார்கள். நம்ம ஊரில் பிள்ளையார் பேரில் பங்கு எழுதுவதுபோல. ஸ்பெயின் அரசர்கள் கடனைத் திருப்பாமல் கைவிரித்தபோது அந்த நிறுவனம் நொடித்தது. வட்டியை மட்டும் நம்பியிருந்தால் குடியிருப்பும் அதோடு போயிருக்கும். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அறத்தின் முதல் நிலத்துக்கும் காட்டுக்கும் மாறியது. இன்றளவும் காட்டு மரம்தான் அந்த வீடுகளுக்கு முக்கிய வருமானம். பார்வையாளர் நுழைவுக் கட்டணம் ஒரு துணை. 1632-இல் சுவீடன் படை குடிகளை வெளியேற்றிவிட்டுச் சிப்பாய்களைத் தங்கவைத்தது. 1944 பிப்ரவரியில் குண்டுவீச்சில் பெரும்பகுதி இடிந்தது. இடிந்த சில நாளில், மார்ச் 1-ஆம் தேதி, மீண்டும் கட்டுவதென்று ஃபுக்கர் குடும்பம் முடிவெடுத்தது. கட்டிடம் போனாலும் முதல் இருந்தது, ஆகவே கட்டிடம் திரும்பி வந்தது.

நம் கல்வெட்டுச் சான்று

இதெல்லாம் வெள்ளைக்காரன் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். சோழர் கல்வெட்டுகளில் “சாவா மூவாப் பேராடு” என்றொரு அருமையான தொடர் வருகிறது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 90 அல்லது 96 ஆடு விடுவார்கள். இடையர் அவற்றை வளர்த்து நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டாடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். தொகை குறையக் கூடாது. ஆடு சாகும், மூக்கும். ஆனால் மந்தை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. கார்ப்பஸ் ஃபண்டு என்று இன்று ஆடிட்டர் சொல்வதற்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தில் பணமாகவே முதல் வைத்து, அதை ஊர்ச்சபைகளுக்குக் கொடுத்துக் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு பன்னிரண்டரை, வட்டி வாங்கினார்கள். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கையுள்ள ஆதுலர் சாலை ஒன்றைக் குறிக்கிறது. மருத்துவன், அறுவை செய்பவன், மூலிகை கொண்டுவருவோர், நோயாளியைப் பேணும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். சாலை கட்டியவன் புகழைவிடச் சம்பளக் கணக்கே அங்கு நீளம்.

இதில் நாம் பார்க்கத் தவறுகிற ஒன்று உண்டு. கோயில் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை கட்டியவரைப் பற்றியவை அல்ல. முதல் வைத்தவரைப் பற்றியவை. ஆடு விட்டவன், காசு வைத்தவள், நிலம் எழுதினவன் பேர்தான் கல்லில் இருக்கிறது. இன்று நன்கொடையாளரிடம் போய்ப் பாருங்கள். அறைக்குப் பேர் வேண்டும், வாசலுக்குப் பேர் வேண்டும், மின்விசிறி இறக்கையில்கூடப் பேர் வேண்டும். மாதச் செலவுக்கு முதல் என்றால் “அது அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் இருந்த பழக்கம் தலைகீழாகிவிட்டது.

சமணராகிய நாங்கள் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைத் தானம் பேசுவோம். ஆனால் மும்பையில் 1834-இல் பிஞ்சராபோல் என்னும் கால்நடைக் காப்பகம் எழுந்ததுபோல, கிழமனிதருக்கு எதுவும் எழவில்லை. (மட்டாஞ்சேரி சமணக் கோயிலில் புறாக்களுக்குக் கிடைக்கும் கவனிப்பைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.) கிழமாட்டுக்குப் பிள்ளைகள் சோறு போடாது, மனிதனுக்குப் போடும் என்று நம்பியிருந்தார்கள் போலும். இருப்பினும் பிஞ்சராபோலை நடத்திய வழி கவனிக்கத்தக்கது. வியாபாரிகள் தங்கள் சரக்கின் மீது தாங்களே ஒரு சிறு வரி விதித்துக்கொண்டார்கள். குஜராத்தியர் அதை லாகா என்பார்கள். நம் வழக்கில் அது மகமை. விருதுநகரில் நாடார் உறவின்முறையார் மகமைப் பணத்திலும் பிடியரிசியிலும் 1885-லேயே பள்ளிக்கூடம் கண்டார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று வரும் பணம் ஒருவர் மனநிலையைப் பொறுத்ததல்ல. வியாபாரம் நடக்கிற வரை வரும்.

இக்கால முயற்சிகள்

2000-க்குப் பின் கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்தன. சிறுவாணித் தண்ணீர், மிதமான வெயில், நல்ல ஆஸ்பத்திரிகள், பொதுச் சமையல், பக்கத்தில் கோயில் என்று விளம்பரம். “இது முதியோர் இல்லம் அல்ல” என்பதையே முக்கியமாகச் சொல்லி விற்றார்கள், விற்பனையும் ஆனது. குறை சொல்லவில்லை, கையில் ஓய்வூதியம் உள்ளவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடு தனித்தனியாகக் கிரயம் ஆகிறது, மாதச் சேவைக் கட்டணம் விலைவாசியோடு ஏறுகிறது, வருமானம் ஏறுவதில்லை. வாங்கினவர் காலமானால் பிள்ளை அதை விற்கவோ வாடகைக்கு விடவோ பார்ப்பார். கட்டினவர் கைகழுவிய பிறகு சமையல்காரருக்கு யார் சம்பளம் தருவது என்ற வழக்கு வரும். 2019-இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் வெளியிட்ட மாதிரி விதிகள், கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் எழுதச் சொன்னது இதனால்தான்.

முற்றிலும் இல்லாதவர்களுக்கென 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேருக்கு என்கிறது. கடலூர் மாவட்டம் தாமரைக்குளத்தில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஹெல்ப்பேஜ் இந்தியா அமைத்த முதியோர் கிராமம் நல்ல முன்மாதிரி. இல்லம் போலன்றிக் கிராமம் போல, முதியவர்கள் தங்களால் இயன்ற வேலையைச் செய்துகொண்டு வாழும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் நம்மாட்கள். நாலாயிரம் ஐயாயிரம் தர முடியும், இருபதாயிரம் முடியாது. இலவசம் என்றால் ரோஷம் இடம் கொடுக்காது.

மட்டாஞ்சேரிக்கு ஒரு கணக்கு

முதலில் இடம். ஊருக்கு வெளியே மலிவாக நிலம் தேட வேண்டாம் என்பது என் துணிவு. யூதத் தெருவில் சாரா கோஹன் அம்மையார் 2019-இல் தம் 96-ஆம் வயதில் காலமாகும்வரை அதே தெருவில்தான் வாழ்ந்தார். சொந்தக்காரர் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்ட பிறகும் அவரைக் கவனித்துக்கொண்டது பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவருடைய பூத்தையல் கடையையும் அவர்களே நடத்தினார்கள். தெரு தெரிந்தவரை இருக்கட்டும் என்று விட்டதால் அவருக்கு அந்த முதுமை வாய்த்தது. பஜார் ரோட்டில் நடுமுற்றம் வைத்த பழைய பண்டகசாலைகள் உண்டு. மிளகு வாணிகம் சுருங்கியபின் சில பூட்டிக் கிடக்கின்றன. 2012-இல் பினாலே கலைக்கண்காட்சி வந்த பிறகு சில ஓட்டல்களாகிவிட்டன. ஒன்றை நீண்டகாலக் குத்தகைக்குப் பிடித்தால் முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு அறை எடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டும் தனி வாசலும் வைத்து. வேலியேற்றத்தில் உப்புத்தண்ணீர் தெருவுக்கு வருகிற ஊர் இது. ஆகத் தரையை உயர்த்தி, படிக்குப் பதில் சரிவு வைக்க வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார்.

நோயில் விழுந்தால்? கேரளத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கமும் 2008-இல் அரசு வகுத்த கொள்கையும் சேர்ந்து, நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாட்டை உள்ளாட்சிகள் வழியாகப் பரப்பியிருக்கின்றன. கருவேலிப்படி ஆஸ்பத்திரியும் பக்கம்தான். படுத்துவிட்டவரை வெளியே அனுப்பமாட்டோம் என்று விதியில் எழுத அதனால் நமக்குத் துணிவு உண்டு. அந்த ஒரு வரியை எழுதாத விளம்பரத்தை எந்தக் கிழவரும் நம்பமாட்டார்.

இனிப் பணம். சாப்பாடு, சமையலாள், துணையாள், கரண்டு, தண்ணீர், வாடகை சேர்த்து ஒருவருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேருக்கு வருஷத்தில் 14,40,000. ஆளுக்கு 4,000 அவர்களே தந்தால் 5,76,000. துண்டு விழுவது 8,64,000. வங்கியில் நூற்றுக்கு ஏழு வட்டி என்றால் ஒரு கோடியே இருபத்துமூன்று லட்சம் போதும் என்று தோன்றும். போதாது. விலைவாசிக்காக அந்த ஏழில் இரண்டை முதலோடு திரும்பச் சேர்த்தால்தான் மந்தை குறையாது. ஐந்தில் கணக்கிட்டால் ஒரு கோடியே எழுபத்துமூன்று லட்சம் வேண்டும். பண்டகசாலையைச் சீர்செய்யும் செலவு இதில் சேரவில்லை. மலைக்க வேண்டாம். இதை முழுக்க வைப்பு நிதியாக வைக்காமல் ஒரு பங்கைக் கடை வாடகையாக வருகிற சொத்தில் போடுவது நல்லது. ஸ்பெயின் அரசன் போன்ற கடன்காரர் எக்காலத்திலும் உண்டு.

அறையை யாருக்கும் விற்கக் கூடாது. ஆயுள்வரை ஒதுக்கீடு மட்டும். வெளிநாட்டில் உள்ள பிள்ளை பணம் தந்தால் அது முதலுக்குப் போகட்டும், பெற்றவர் பேரில் கல்லில் ஏறட்டும், அறைமேல் உரிமை வேண்டாம். பேரும் யோசித்து வைக்க வேண்டும். ‘இல்லம்’ என்றால் பிள்ளைகளுக்கு அவமானம். தெருப்பேரோடு குடியிருப்பு என்றாலே போதும். ஃபுக்கர் போல மதக்கட்டுப்பாடு நமக்கு ஆகாது. சைவச் சமையல் மட்டும் என்று நான் சொன்னால் சுயநலம் என்பீர்கள். மீன் இல்லையென்றால் இந்த ஊரில் ஒருவரும் வரமாட்டார் என்பதும் தெரியும். அடுப்பை இரண்டாகப் பிரித்துவிடலாம். இருட்டுமுன் சாப்பிடுவதை மட்டும் வயிற்றுக்கு நல்லது என்று டாக்டரை விட்டுச் சொல்லச் சொல்வோம்.

விளம்பரத்துக்குத் தாள் அச்சடிக்கத் தேவையில்லை. தோபி கானாவிலும் பஜார் ரோட்டிலும் நாலு பேரை முதலில் குடியேற்றி ஒரு வருஷம் நடத்திக் காட்டினால் மீதி எட்டு அறைக்குச் சிபாரிசு தேடிவரும். என் கடையில் மூட்டைக்கு இரண்டு ரூபாய் மகமை எழுதித் தர நான் இசைகிறேன். மற்ற கடைக்காரர்கள் எவ்வளவு என்பதையும், முதலில் பாதி சேரும்வரை குத்தகைப் பத்திரம் எழுதுவதில்லை என்ற நிபந்தனையையும் செயற்குழு தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.